பேசிக்கொண்டே நடக்கும் வேகம்

“எடையைக் குறைங்க, தினமும் நடங்கன்னு டாக்டர் சொல்றாருங்க. நடந்தா அன்னைக்கு ராத்திரியே கால் கட்டைவிரல் வீங்கிப்போகுதுங்க. நடக்காம உட்கார்ந்தா எடை ஏறுதுங்க. நான் என்னதாங்க பண்றது?”

சேலத்திலும் நாமக்கல்லிலும் மூட்டு மருத்துவரைப் பார்க்கக் காத்திருப்பவர்களுக்கு நடுவே உட்கார்ந்தால் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் காதில் விழும். கேட்பவர் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டிய ஆண். லாரிப் பட்டறையோ, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோ, கோழிப் பண்ணையோ வைத்திருப்பார். கையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டு இருக்கும். அதில் ‘யூரிக் ஆசிட்’ என்ற வரிக்கு நேரே இருக்கும் எண் தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும். வீட்டுக்குப் போனால் ஆளுக்கொரு யோசனை: பருப்பை நிறுத்து, தக்காளியை நிறுத்து, நடக்கிறதை நிறுத்து.

நடக்கச் சொல்லும் மருத்துவரும் சரியாகத்தான் சொல்கிறார். நடந்ததும் கால் வீங்கியது என்று சொல்பவரும் பொய் சொல்லவில்லை. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் புதிர். விடை காலில் இல்லை; சிறுநீரகத்திலும், நடக்கும் வேகத்திலும் இருக்கிறது. ஆனால் முதலில் கோழியைப் பார்த்துவிட்டு வரலாம்.

முட்டை ஓட்டுக்குள் ஒரு கழிவு

கோழி எச்சத்தின் மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு பூசியதுபோல ஒரு பகுதி இருக்கும். நாமக்கல் பக்கம் பிறந்த யாருக்கும் அதைக் காட்டித் தர வேண்டியதில்லை. அந்த வெள்ளைதான் யூரிக் அமிலம். பறவைகள் நம்மைப்போலத் தனியாகச் சிறுநீர் கழிப்பதில்லை. உடலின் நைட்ரஜன் கழிவை இப்படிக் கெட்டியாக்கி, தண்ணீரை மிச்சப்படுத்தி வெளியே தள்ளுகின்றன.

இதற்கு முட்டையிலேயே ஒரு காரணம் இருக்கிறது. குஞ்சு 21 நாள் மூடிய ஓட்டுக்குள் வளர்கிறது. கழிவை வெளியே அனுப்ப வழி கிடையாது. அது தண்ணீரில் கரையும் பொருளாக இருந்தால் உள்ளே இருக்கும் கொஞ்ச நீரையும் நஞ்சாக்கிவிடும். யூரிக் அமிலம் அவ்வளவாகக் கரைவதில்லை. ஒரு மூலையில் படிந்து, குஞ்சுக்குத் தொந்தரவு தராமல் கிடக்கிறது.

பறவைக்கு வசதியான இந்தக் குணம்தான் நமக்குத் தொல்லை. பெரும்பாலான பாலூட்டிகளின் உடலில் யூரிக் அமிலத்தை இன்னும் நன்றாகக் கரையும் பொருளாக மாற்றும் நொதி ஒன்று உண்டு. அதன் பெயர் யூரிகேஸ். மனிதக் குரங்குகளும் மனிதர்களும் உருவான கிளையில், சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த நொதியைச் செய்யும் மரபணு செயலிழந்துவிட்டது. அதனால் நம் ரத்தத்தில் மற்றப் பாலூட்டிகளைவிடப் பல மடங்கு யூரிக் அமிலம் ஓடுகிறது. நம் உடலின் செல்கள் நாள்தோறும் சிதைந்து புதிதாகின்றன. அவற்றின் மரபுப் பொருளில் இருக்கும் பியூரின் என்ற மூலக்கூறு உடைந்து கடைசியில் யூரிக் அமிலமாகிறது. சாப்பாட்டிலிருந்து வருவது அதில் ஒரு பங்குதான்.

யூரிக் அமிலம் உடலுக்குள் படிந்து வரும் நோய்க்குக் ‘கவுட்’ என்று பெயர். பண்ணைக்காரர்களுக்கு அந்தச் சொல் மருத்துவமனையிலிருந்து வந்ததில்லை, கோழியிலிருந்து வந்தது. செத்த கோழியை அறுத்துப் பார்த்தால் இதயத்தின் மேலும் ஈரலின் மேலும் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். சுண்ணாம்புச் சத்து அதிகமுள்ள முட்டைக்கோழித் தீவனத்தை வளரும் குஞ்சுக்கு முன்கூட்டியே போட்டாலும், குடிநீர் குறைந்தாலும், சில வைரஸ் தொற்றுகள் வந்தாலும் சிறுநீரகம் கெடும். வெளியேற வேண்டிய யூரிக் அமிலம் உடலுக்குள்ளேயே படிந்துவிடும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கும் மாணவர்களுக்கு இது பாடம். பண்ணைக்காரருக்கு நஷ்டக் கணக்கு.

கோழியின் கவுட்டும் மனிதனின் கவுட்டும் ஒரே நோய் இல்லை. கோழிக்கு உள்ளுறுப்புகளில் படிவது நமக்கு மூட்டுகளில் படிகிறது. கோழிக்கறி சாப்பிட்டதால் கோழியின் நோய் நமக்குத் தொற்றுவதும் இல்லை. ஆனால் ஒரு செய்தி பொது: பிரச்சினை உற்பத்தியில் இருப்பதைவிட வெளியேற்றத்தில்தான் அதிகம் இருக்கிறது. கவுட் வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குக் காரணம் சிறுநீரகம் யூரிக் அமிலத்தைப் போதுமான அளவு வெளியே விடாததுதான். போகிற போக்கில் இதையும் சொல்லிவிடுகிறேன்: முட்டையில் பியூரின் மிகக் குறைவு. யூரிக் ஆசிட் என்று கேட்டதும் முட்டையை நிறுத்துவது தேவையில்லாத தண்டனை.

கற்கண்டும் கட்டைவிரலும்

கற்கண்டு காய்ச்சுபவர்கள் கெட்டிப் பாகில் நூலைக் கட்டித் தொங்கவிடுவார்கள். பாகு ஆற ஆற நூலைப் பிடித்துக்கொண்டு படிகம் வளரும். இதற்கு மூன்று பொருத்தங்கள் வேண்டும்: கரைசல் நிறைந்து வழியும் நிலை, குளிர்ச்சி, பற்றிக்கொள்ள ஓர் இடம். யூரிக் அமிலத்துக்கும் அதேதான். லண்டன் மருத்துவர் ஆல்ஃபிரட் பாரிங் கேரட் 1848-ல் கவுட் நோயாளிகளின் ரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்திருப்பதைக் காட்டினார். சில ஆண்டுகளில் அவர் ஒரு சோதனையை வகுத்தார்: நோயாளியின் ரத்த நீரில் கொஞ்சம் அமிலம் சேர்த்து, அதில் ஒரு நூலைப் போட்டு வைத்தால் நூலில் படிகம் பூக்கும்.

உடல் வெப்பமான 37 டிகிரியில், ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ 6.8 மில்லிகிராம் வரை யூரிக் அமிலம் கரைந்திருக்கும். அதற்கு மேல் போனால் படிகமாகும் வாய்ப்பு வருகிறது. உடலின் நடுப்பகுதி 37 டிகிரியில் இருந்தாலும் கால் நுனி அப்படி இல்லை. அங்கே சூடு பல டிகிரி குறைவு. சூடு குறைந்தால் கரையும் அளவும் குறையும். பற்றிக்கொள்ள இடமும் அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு அடியிலும் உடல் முழுவதையும் முன்னே தள்ளுவது கட்டைவிரலின் அடி மூட்டு. எடை கூடியவர்களுக்கு அந்த மூட்டின் குருத்தெலும்பு சீக்கிரம் தேயும். தேய்ந்த பரப்பு படிகத்துக்கு நூலாகிவிடுகிறது.

படிகம் மட்டும் இருந்தால் வலி வராது. பலருக்கு ஆண்டுக்கணக்கில் சத்தமின்றி மூட்டில் கிடக்கும். உடலின் காவல் செல்கள் அதை அந்நியப் பொருள் என்று எண்ணித் தாக்கும்போதுதான் வீக்கம், சிவப்பு, போர்வை பட்டால்கூடத் தாங்க முடியாத வலி எல்லாம் வருகின்றன. 1962-ல் ஃபேர்ஸ், மெக்கார்ட்டி என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் யூரிக் அமிலத்தின் உப்பான யூரேட்டின் படிகங்களைத் தங்கள் முழங்கால்களிலேயே ஊசி வழியே செலுத்திப் பார்த்தார்கள். சில மணி நேரத்தில் இருவரும் கடும் வலியில் துடித்தார்கள். படிகமே குற்றவாளி என்பது அதோடு உறுதியானது.

தாக்குதல் பெரும்பாலும் இரவில்தான் வருகிறது. ஆய்வாளர் ஹியான் சோய் குழுவினர் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், நள்ளிரவு முதல் காலை எட்டு மணி வரையிலான நேரத்தில் தாக்குதல் வரும் வாய்ப்பு பகலைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. இரவில் கால் குளிர்கிறது. உடல் பல மணி நேரம் தண்ணீர் இல்லாமல் கிடக்கிறது. பகலில் நடந்த நடையால் மூட்டில் சேர்ந்த நீர், படுத்ததும் வடிந்துவிட, யூரிக் அமிலம் பின்தங்கி அடர்த்தியாகிறது என்பதும் ஒரு விளக்கம். நடந்த அன்று இரவு வீங்குவது ஏன் என்பதற்கான முதல் துப்பு இது.

இடுப்புச் சுற்றளவும் சிறுநீரகமும்

தொப்பைக்கும் கட்டைவிரலுக்கும் என்ன உறவு? பாரம் மட்டும் என்று நினைத்தால் பாதிதான் தெரிந்திருக்கிறது என்று பொருள்.

சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும்போது யூரிக் அமிலத்தையும் வடிக்கிறது. பிறகு அதில் சுமார் 90 விழுக்காட்டைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிறது. இழுக்கும் வாயில்களில் முக்கியமானதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002-ல் அடையாளம் கண்டார்கள்; அதன் பெயர் யூராட்-1. வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்தால் உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காது. கணையம் இன்னும் அதிக இன்சுலினைச் சுரக்கும். மிகுந்த இன்சுலின் சிறுநீரகத்தைப் பார்த்து ‘உப்பையும் யூரிக் அமிலத்தையும் பிடித்து வை’ என்கிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை, யூரிக் அமிலம் மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவதன் காரணம் இதுதான்.

நம்மவர்களுக்கு இதில் கூடுதல் எச்சரிக்கை தேவை. மேற்கத்தியரைவிடக் குறைந்த எடையிலேயே இந்தியருக்கு வயிற்றுக் கொழுப்பு சேர்ந்துவிடுகிறது. அதனால் இங்கே ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் இடுப்புச் சுற்றளவைத் தாண்டினாலே கவனிக்கச் சொல்கிறார்கள். சென்னையின் மருத்துவர்கள் அஞ்சனா, மோகன் ஆகியோர் பங்கேற்ற நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வெளியானது. அதன்படி வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் 39.5 விழுக்காடு.

எடைக்கும் கவுட்டுக்கும் உள்ள உறவை அமெரிக்காவில் 47,000-க்கும் மேற்பட்ட ஆண்களை 12 ஆண்டு பின்தொடர்ந்து அளந்திருக்கிறார்கள். உடல் நிறைக் குறியீடு 30-ஐத் தாண்டியவர்களுக்கு, ஒல்லியானவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கவுட் வந்தது. சுமார் நாலரைக் கிலோவுக்கு மேல் எடை குறைத்தவர்களுக்கு வாய்ப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. அதே மக்களிடம் செய்த இன்னோர் ஆய்வில் இறைச்சியும் கடல் உணவும் ஆபத்தைக் கூட்டின. பியூரின் உள்ள பருப்பும் காய்கறியும் கூட்டவில்லை. பால் பொருள்கள் குறைத்தன. துவரம் பருப்புச் சாம்பாரை நிறுத்திவிட்டு ஈரலையும் குடலையும் தொடர்வது எவ்வளவு தலைகீழ் என்று இதிலிருந்து தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையேற்றம்

இப்போது ஓர் ஆளைக் கற்பனை செய்துகொள்வோம். திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்திருப்பவர். வயது 48, உயரம் 168 சென்டிமீட்டர், எடை 92 கிலோ. குறியீடு 32.6. யூரிக் அமிலம் 8.6. இருபது வயதில் ரிக் வண்டியிலேயே வட மாநிலங்களுக்குப் போய்க் குழாய் தூக்கியவர். அப்போது உடம்பு கயிறுபோல இருந்தது. இன்று வண்டிகள் ஓடுகின்றன. அவர் நாற்காலியில் உட்கார்ந்து போன் பேசுகிறார். இந்த ஊர்களின் வளர்ச்சிக்குள் இருக்கும் உடல்நலக் கதையே இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. உடலால் உழைத்து முன்னேறிய ஒரு தலைமுறையின் உழைப்பு, பணம் வந்த ஆண்டோடு சட்டென்று நின்றுபோயிற்று. பசி மட்டும் பழைய அளவிலேயே இருந்துவிட்டது.

டாக்டர் ‘எடையைக் குறைங்க’ என்றதும் அவருக்குப் பழைய ரோஷம் வருகிறது. சனி இரவுச் சாப்பாட்டை விட்டுவிடுகிறார். ஞாயிறு காலை வெறும் வயிற்றோடு அர்த்தநாரீசுவரர் மலைப் படிகளில் விறுவிறுவென்று ஏறுகிறார். படிகள் ஆயிரத்துக்கும் மேல். மூச்சு முட்டுகிறது, சட்டை நனைந்து ஒட்டுகிறது. தண்ணீர் குடித்தால் எடை குறையாது என்று நண்பர் சொன்னதால் குடிக்கவில்லை. இறங்கி வந்து மதியமும் பட்டினி. திங்கள் விடிகாலை மூன்று மணிக்குக் கட்டைவிரல் நெருப்பாய் எரிகிறது.

அவர் உடலுக்குள் நடந்தது என்ன? தசை இயங்க ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு வேண்டும். அதன் உள்ளே இருப்பதும் ஒரு பியூரின்தான். நிதானமாக இயங்கும்போது, செலவான ஏடிபியை ஆக்சிஜனின் உதவியோடு தசை உடனுக்குடன் திரும்பச் செய்துகொள்கிறது. மூச்சு முட்டும் வேகத்தில் அதற்கு நேரம் போதாது. உடைந்த துண்டுகள் தசையைவிட்டு வெளியேறி ஈரலில் யூரிக் அமிலமாகின்றன. உற்பத்தி கூடிவிட்டது.

அதே நேரம் ஆக்சிஜன் போதாத தசை லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகிறது. யூராட்-1 வாயில் ஒரு கையால் லாக்டேட்டை வெளியே விட்டு, மறு கையால் யூரிக் அமிலத்தை உள்ளே இழுக்கும் அமைப்பு. லாக்டேட் கூடினால் யூரிக் அமிலம் இன்னும் வேகமாகத் திரும்ப வருகிறது. பட்டினியால் கொழுப்பு கரைந்து உண்டாகும் கீட்டோன்களும் இதே வேலையைச் செய்கின்றன. வெளியேற்றம் அடைபட்டுவிட்டது. வியர்வையில் நீர் போனதால் ரத்தம் அடர்ந்துவிட்டது. கூடவே, படியேறும்போது கட்டைவிரல் மூட்டு ஆயிரம் முறை மடங்கி, அங்கே கிடந்த படிகங்களைக் கிளறிவிட்டது.

இவர் செய்தது உடற்பயிற்சி. ஆனால் மருத்துவர் சொன்ன உடற்பயிற்சி இல்லை.

மூச்சு முட்டாத வேகம்

ஏரோபிக் பயிற்சி என்பதைத் தமிழில் உயிர்வளிப் பயிற்சி எனலாம். தசைக்கு வேண்டிய ஆற்றல் முழுவதும் ஆக்சிஜனின் உதவியோடே கிடைத்துவிடும் வேகத்தில், பெரிய தசைகளைத் தொடர்ந்து இயக்குவது. நடை, மிதிவண்டி, நீச்சல் எல்லாம் இதில் சேரும். அந்த வேகத்தை அறிய கருவி வேண்டாம். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. பேச்சு இரண்டு மூன்று சொல்லாக உடைந்தால் வேகம் கூடிவிட்டது. இதயத் துடிப்பாகச் சொன்னால், நம் 48 வயதுக்காரருக்கு நிமிடத்துக்கு 86-லிருந்து 120 வரை.

இந்த வேகம் கவுட்டுக்கு நல்லது என்பது ஊகம் மட்டும் இல்லை. 2020-ல் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தினர் எலிகளை மூன்று வேகங்களில் ஓடவிட்டு, பிறகு மூட்டில் யூரேட் படிகத்தைச் செலுத்தினார்கள். மெதுவாகவும் நடுத்தரமாகவும் ஓடிய எலிகளுக்கு வீக்கம் குறைவாக இருந்தது. மிக வேகமாக ஓட வைத்தவற்றுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. அளவான பயிற்சி, படிகத்தைப் பார்த்துப் பாயும் வெள்ளணுக்களின் உணர்கொம்புகளையே குறைத்துவிடுகிறது என்பது அவர்கள் கண்டது. கவுட் நோயாளிகளிலும் உடலை இயக்குபவர்களுக்குத் தாக்குதல்கள் குறைவாகவே வந்தன. படிகம் அங்கேயே இருக்கலாம், ஆனால் உடல் அதைப் பார்த்துக் கொதிப்பது குறைகிறது. இதை நான் முக்கியமான செய்தியாகக் கருதுகிறேன். ஏனென்றால் எடைக் கருவியின் முள் அசையாத மாதங்களில்கூட நடை பலன் தந்துகொண்டிருக்கிறது என்று இது சொல்கிறது.

‘நாள் முழுக்கத் தறியில நிக்கிறேனே, அது போதாதா?’ என்று பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் கேட்பார்கள். நிற்பது களைப்பைத் தரும். ஆனால் இதயத்தை அரை மணி நேரம் தொடர்ந்து சற்று வேகமாகத் துடிக்க வைக்காது. விசைத்தறிக்காரருக்கும் தனியாக நடை வேண்டும்.

கணக்கு என்ன சொல்கிறது?

நம் ரிக் வண்டிக்காரர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம் நடக்கிறார். சும்மா உட்கார்ந்திருந்தால் செலவாவதைக் கழித்தால் கூடுதலாகச் செலவாவது சுமார் 115 கலோரி. வாரம் ஐந்து நாள் என்றால் 575. ஒரு கிலோ கொழுப்பைக் கரைக்க ஏறத்தாழ 7,700 கலோரி வேண்டும். அதாவது, சாப்பாட்டில் எதையும் மாற்றாமல் நடந்தால் 13 வாரத்தில் ஒரு கிலோ, ஆண்டுக்கு நாலு கிலோ.

இதைப் பார்த்து மனம் தளர வேண்டாம்; டீக் கணக்கையும் பார்ப்போம். பேக்கரியில் ஒரு டீக்கு இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் 10 கிராம், 40 கலோரி. அவர் ஒரு நாளைக்குக் குடிப்பது ஐந்து டீ. 200 கலோரி, சர்க்கரையிலிருந்து மட்டும். சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ். ஈரல் ஃபிரக்டோஸைக் கையாளும்போது ஏடிபியைத் தாறுமாறாகச் செலவழிக்கிறது. படியேறிய தசையில் நடந்த அதே கதைதான், யூரிக் அமிலம் உண்டாகிறது. ஆகவே டீயில் சர்க்கரையை விடுவது இரண்டு பக்கமும் லாபம். நடையோடு இதையும் சேர்த்தால் வாரத்துக்கு ஏறத்தாழ 2,000 கலோரி மிச்சம்; மாதம் ஒரு கிலோ. கவுட் உள்ளவருக்கு இந்த வேகமே போதும். மாதம் ஏழெட்டுக் கிலோ குறைக்கும் பட்டினி முறைகள் அவருக்கு நேரடியான ஆபத்து. வயிற்றுப் பருமனுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் எடை வேகமாகச் சரியும் முதல் மாதங்களில் தாக்குதல் வருவது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம்.

தொடக்கம் எப்படி? முதல் இரண்டு வாரம் சமதளத்தில் காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம். அந்த இரவுகள் அமைதியாகக் கழிந்தால் வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டலாம். இரண்டு மாதத்தில் அரை மணியைத் தாண்டிவிடுவார். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரத்துக்கு 150 நிமிடம் என்ற அளவுக்கு அது சரியாகிறது. தமிழ்நாடு அரசு 2023-ல் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறிக்கப்பட்டது. நல்ல ஏற்பாடு, ஆனால் அந்த எட்டையும் முதல் நாளே முடிக்க வேண்டும் என்று 92 கிலோ உடம்பு சபதம் எடுக்கக் கூடாது. ஏற்கெனவே சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தொடங்கும் முன் இதயத்தை ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது அவசியம்.

காலணிக்கு இங்கே தனி மரியாதை உண்டு. அடிப்பாகம் எளிதில் வளையாத, முன்பகுதி அகலமான ஷூ போட்டால் கட்டைவிரல் மூட்டு குறைவாக மடங்கும். தேய்ந்த ரப்பர் செருப்பில் விரலால் செருப்பைக் கவ்விக்கொண்டே நடப்போம். அது அந்த மூட்டுக்குக் கூடுதல் வேலை. மிதிவண்டி ஓட்டினால் பெடலை விரல் நுனியால் அழுத்தாமல் நடுப்பாதத்தால் அழுத்த வேண்டும். நீச்சல் தெரிந்தால் அதைவிட மேல். தண்ணீர் உடல் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். கொங்குக் கிணறுகளில் நீந்திப் பழகிய கைகால் முப்பது ஆண்டு கழித்தும் மறக்காது. மேட்டிலிருந்து குதிக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடலாம்.

சேலத்து வெயிலில்

சித்திரையில் சேலம் 40 டிகிரியைத் தொடும் ஊர். காலை எட்டு மணிக்கே வெயில் சுரீரென்று அடிக்கும். உடலில் நீர் குறைந்தால் சிறுநீரும் குறையும். யூரிக் அமிலம் மூட்டில் மட்டுமின்றிச் சிறுநீரகத்திலும் கல்லாகலாம். எனவே கோடையில் நடை விடிவதற்குள் முடிய வேண்டும். புறப்படும் முன் ஒரு டம்ளர் தண்ணீர், வந்ததும் ஒரு டம்ளர். சிறுநீர் வைக்கோல் நிறத்தில் வெளுத்துப் போனால் போதுமான அளவு குடிக்கிறோம் என்று அறியலாம். இதயமோ சிறுநீரகமோ பலவீனமாகி, தண்ணீருக்கு மருத்துவர் அளவு வைத்திருந்தால் அந்த அளவுதான் சட்டம்.

நடை முடிந்து அண்ணா பூங்கா வாசலிலோ மூக்கனேரிக் கரையிலோ நண்பர்களோடு நிற்கும் கால் மணி நேரத்தில்தான் பலருடைய நடை வீணாகிறது. பன்னீர் சோடா, சர்க்கரை கரைத்த ஜூஸ், சர்பத் எல்லாம் ஃபிரக்டோஸை உள்ளே கொட்டுபவை. நீர்மோர் அதற்கு நல்ல மாற்று: நீரும் கிடைக்கிறது, பாலின் பலனும் கிடைக்கிறது. வாரக் கடைசி மதுவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பீர் இதில் மற்ற எல்லாவற்றையும்விட மோசம். மதுவோடு பியூரினும் சேர்ந்து வருகிறது.

விரல் வீங்கிய நாள்களில்

தாக்குதல் வந்துவிட்டால் நடை கிடையாது. வலியோடு நடந்து ‘இளக்கிவிட’ முயல்வது கொதிக்கிற மூட்டைக் கிளறுவதாகும். காலைத் தலையணைமேல் தூக்கி வைத்து, துணியில் சுற்றிய பனிக்கட்டியால் ஒத்தடம் கொடுக்கலாம். குளிரில் படிகம் உண்டாகும் என்று மேலே படித்தவருக்கு இங்கே சந்தேகம் வரும். அந்தச் சில நாளில் நம்மை வாட்டுவது புதுப் படிகமல்ல, அழற்சி; குளிர்ச்சி அதைத் தணிக்கிறது. வெந்நீர் ஒத்தடமும் சூடான எண்ணெய்த் தேய்ப்பும் வேண்டாம்.

இந்த நேரத்துக்கு மருத்துவர் எழுதித் தரும் மாத்திரைகளில் ஒன்று கோல்சிசின். அதன் மூலப்பொருள் நமக்கு அடுத்த வயல்களில் விளைகிறது. நம் மாநில மலரான செங்காந்தளை மூலனூர், தாராபுரம், கரூர்ப் பக்கங்களில் கண்வலிக் கிழங்கு என்ற பெயரில் பந்தல் போட்டு வளர்க்கிறார்கள். அதன் விதையிலிருந்துதான் கோல்சிசின் பிரிக்கப்படுகிறது. அந்தச் செடி கடும் விஷம். மாத்திரையில் இருப்பது ஆலையில் மில்லிகிராம் கணக்கில் அளந்த அளவு. கிழங்கையோ விதையையோ வீட்டில் அரைத்துச் சாப்பிட்டால் உயிர் போகும்.

வீக்கமும் தொட்டால் வலியும் முழுதாகப் போய், செருப்பு சிரமமில்லாமல் நுழையும் நாளில் மீண்டும் தொடங்கலாம். விட்ட இடத்திலிருந்து இல்லை, அதில் பாதியிலிருந்து.

மாத்திரையின் இடம்

நடந்தாலே யூரிக் அமிலம் இறங்கிவிடும், மாத்திரை வேண்டாம் என்று சொல்பவர்கள் அதிகம். இதை நேராகப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 12,000-க்கும் மேற்பட்ட ஆண்களை ஏழு ஆண்டு தொடர்ந்த ஓர் ஆய்வில், 10 கிலோவோ அதற்கு மேலோ எடை குறைத்தவர்களுக்கு யூரிக் அமிலம் சராசரியாக 0.6 மில்லிகிராம் இறங்கியது. ஐந்திலிருந்து பத்துக் கிலோவுக்குள் குறைத்தவர்களுக்கு 0.3. நம் ரிக் வண்டிக்காரர் ஓர் ஆண்டு உழைத்துப் பத்துக் கிலோ குறைத்தாலும் 8.6 என்பது 8 ஆகும். படிகம் கரைய வேண்டுமென்றால் 6-க்குக் கீழே போக வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறையோ அதற்கு மேலோ தாக்குதல் வருபவருக்கு அல்லோபியூரினால், ஃபெபுக்சோஸ்டாட் போன்ற மருந்துகள் தேவைப்படுவது இதனால்தான். அல்லோபியூரினாலை உருவாக்கிய குழுவின் கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிச்சிங்ஸும் 1988-ல் நோபல் பரிசு பெற்றவர்கள். அது நேற்று வந்த மருந்து இல்லை.

மருந்து தொடங்கிய முதல் மாதங்களில் ஒரு தாக்குதல் வந்து, ‘மாத்திரையே ஒத்துக்கலைங்க’ என்று நிறுத்திவிடுபவர்கள் நிறைய. அளவு இறங்கும்போது பழைய படிகங்கள் தளர்ந்து உதிர்கின்றன; அதுவே உடலைச் சீண்டுகிறது. நடையாலும் உணவாலும் எடை குறையும்போதும் இதே நடக்கலாம். அதனால்தான் மருத்துவர்கள் முதல் மூன்றிலிருந்து ஆறு மாதம் குறைந்த அளவு கோல்சிசினைத் துணைக்குத் தருகிறார்கள். ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் மாத்திரையின் பெயரையும் அப்போதே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். நீர் பிரிக்கும் சில மாத்திரைகள் யூரிக் அமிலத்தைக் கூட்டும். லோசார்டன் சற்றே குறைக்கும்.

மாத்திரை எண்ணை 6-க்குக் கீழே கொண்டுவந்த பிறகும் மூட்டில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தது கரைய மாதங்கள் ஆகும். முடிச்சு முடிச்சாக வெளியே தெரியும் அளவுக்குச் சேர்ந்திருந்தால் ஆண்டுகளே ஆகலாம். அந்தக் காலம் முழுவதும் மாத்திரை செய்ய முடியாததை நடை செய்கிறது. இன்சுலின் சொல்லை உடல் மறுபடி கேட்கத் தொடங்குகிறது. கவுட் உள்ளவர்களுக்குப் பெரிய அச்சுறுத்தலான இதய நோயின் வாய்ப்பு குறைகிறது. தொடைத் தசை வலுவடைந்து மூட்டின் பாரத்தைப் பகிர்ந்துகொள்கிறது. ரிக் வண்டிக்காரர் மூன்று மாதம் கழித்து ரத்தம் கொடுக்கப் போகும்போது யூரிக் அமிலத்தோடு சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியையும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லட்டும். ஓர் அளவு நாடாவால் இடுப்பையும் அளந்து குறித்துக்கொள்ளட்டும். எடைக்கு முன்பே அங்கே மாற்றம் தெரியும்.